கல்லாப்பெட்டியும் காஜா மெஷினும்: ஒரு சின்ன நாட்டின் உற்பத்தித்திறன்

பழைய வண்ணாரப்பேட்டையில், எம்.சி. ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், மாலை வேளைகளில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வணிகவியலும் பொருளியலும் சொல்லித் தருகிறேன். 'உற்பத்தித்திறன்' என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதிய அன்று, முன்வரிசையில் இருந்த பெண் கேட்டாள்: "சார், அப்பிடின்னா இன்னும் நெறைய வேலை செய்யணும்னு அர்த்தமா? எங்கப்பா விடிகாலைல போனா ராத்திரி பத்து மணிக்குத்தான் வர்றாரு. இதுக்கு மேல எங்கேர்ந்து செய்றது?"

அவள் அப்பா கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறார். எண்ணூர் நெடுஞ்சாலையில் திருவொற்றியூர் பக்கம் போனவர்களுக்குத் தெரியும்: கடலை ஒட்டி லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும், ஓட்டுநர்கள் வண்டிக்கு அடியில் நிழல் பார்த்துப் படுத்திருப்பார்கள். அவர்களைச் சோம்பேறி என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். பதினாறு மணி நேரம் வீட்டை விட்டு வெளியே இருக்கும் மனிதர், அதில் நான்கு மணி நேரம்தான் வண்டியை நகர்த்த முடிகிறது என்றால், அவருடைய உற்பத்தித்திறன் குறைவு. அவர் உழைப்பு குறைவில்லை. இந்த இரண்டும் வேறு வேறு என்பது புரிந்துவிட்டால் பாடத்தில் பாதி முடிந்தது. மீதிப் பாதி, ஒரு சின்ன நாட்டின் நிதியமைச்சருக்கும் அந்தத் திறனுக்கும் என்ன தொடர்பு என்பது.

எங்கள் டியூஷன் மாடிக்குக் கீழே ஒரு ஜாப் ஒர்க் தையல் கடை இருக்கிறது. கணக்குக்காகச் சில எண்களை வைத்துக்கொள்வோம். நான்கு பேர், ஆளுக்கு 8 மணி நேரம், மொத்தம் 32 மணி நேர உழைப்பு. ஒரு நாளைக்கு 40 சட்டை. ஒரு மணி நேர உழைப்புக்கு 1.25 சட்டை. இதுதான் உற்பத்தித்திறன்: கிடைத்ததை, அதற்குச் செலவான நேரத்தால் வகுப்பது.

ஆர்டர் கூடிவிட்டது, எல்லாரும் இரண்டு மணி நேரம் அதிகம் உட்காருங்கள் என்கிறார் முதலாளி. இப்போது 40 மணி நேரம், 48 சட்டை. வகுத்தால் 1.2. சட்டை கூடியது, உற்பத்தித்திறன் குறைந்தது. களைத்த கை மெதுவாகத்தான் போகும், தையலும் பிரிக்க வேண்டிவரும்.

இன்னொரு வழி உண்டு. அப்போது இந்தக் கடையில், பட்டன் துளை போடும் காஜா மெஷின் கிடையாது. தைத்த சட்டைகளைக் கட்டாகக் கட்டி, இரண்டு தெரு தள்ளி இருக்கும் காஜா கடைக்குப் பையன் தூக்கிக்கொண்டு போவான். அங்கே ஏற்கெனவே நாலு கடைக் கட்டு காத்திருக்கும். மதியம் திரும்பி வரும் என்று சொன்னது சாயங்காலம் வரும். அதுவரை பட்டன் வைக்கிற அம்மா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சொந்தமாக ஒரு காஜா மெஷின் வந்து, அதே 32 மணி நேரத்தில் 56 சட்டை முடிகிறது என்று வையுங்கள். வகுத்தால் 1.75. யாரும் முன்பைவிட வேகமாகக் கால் மிதிக்கவில்லை. காத்திருப்பு ஒழிந்தது, அவ்வளவுதான்.

எண்ணிக்கை மட்டுமே கணக்கு என்றும் நினைத்துவிடக் கூடாது. காசிமேட்டில் அதே வஞ்சிரம், ஐஸ் போதாமல் வந்தால் ஒரு விலை, நன்றாக ஐஸ் போட்டுக் கரை சேர்ந்தால் வேறு விலை. கடலில் கழித்த நேரம் ஒன்றே. ஆகவே பொருளியலில் சட்டையை, மீனை எண்ணுவதில்லை. சேர்த்த மதிப்பை, அதாவது விற்ற விலையில் வாங்கிய பொருளின் விலை போக மீதியைப் பார்ப்பார்கள். ஒரு நாடு முழுவதும் அப்படிச் சேர்த்த மதிப்பை, எல்லாரும் உழைத்த மணி நேரத்தால் வகுத்தால், அந்த நாட்டின் உற்பத்தித்திறன்.

சரி, கடை நடத்தும் தையல் மாஸ்டருக்குக் காஜா மெஷினின் அருமை தெரியாதா? நன்றாகத் தெரியும். கேட்டேன். "துட்டு எங்க சார் இருக்கு? தண்டல்ல எடுத்து மெஷின் வாங்க முடியுமா?" என்றார்.

நிதித்துறைத் தலைமை என்றால் என்ன என்பதற்கான கதவு அந்தப் பதிலில்தான் திறக்கிறது. தினமும் வசூலிக்கும் வட்டிக் கடனான தண்டலைப் பற்றி வடசென்னையில் யாருக்கும் விளக்க வேண்டாம். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் குறைவு. 10,000 ரூபாய்த் தண்டல். பிடித்தம் போகக் கையில் 9,000. தினம் 100 ரூபாயாக 100 நாள் கட்ட வேண்டும். ஆயிரம் ரூபாய்தானே வட்டி என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே திருப்பிக் கட்டிக்கொண்டு வருவதால், அந்த 100 நாளில் சராசரியாக உங்களிடம் இருந்த கடன் பணம் சுமார் 4,500தான். 4,500க்கு 100 நாளில் 1,000 வட்டி. ஆண்டுக் கணக்கில் 80 சதவீதத்தைத் தாண்டும்.

வட்டியைவிடப் பெரிய தொல்லை காலம். தண்டல் நாளையிலிருந்தே திரும்பக் கேட்கும் பணம். மீன் கூடை வாங்கி அன்றே விற்கிறவருக்கு அது எப்படியோ ஓடும். மெஷின் தன் விலையைச் சம்பாதித்துத் தர இரண்டு, மூன்று ஆண்டு பிடிக்கும். ஒரு தெருவில் கிடைக்கிற பணமெல்லாம் தண்டல் பணமாகவே இருந்தால், அந்தத் தெருவில் வாங்கி விற்கலாம். ஆனால் யாராலும் மெஷின் வாங்க முடியாது. எத்தனை உழைத்தாலும் 1.25 சட்டையிலேயே நிற்கும்.

ஒரு நாட்டின் நிதியமைச்சருடைய முக்கியமான வேலை, என் பார்வையில், குறுகிய காலப் பணத்தை நெடுங்காலப் பணமாக மாற்றுவது. அதைச் செய்து காட்டிய ஒருவரைப் பார்க்கலாம்.

சிங்கப்பூர் 1965ல் தனி நாடானபோது அதன் பரப்பு சுமார் 580 சதுர கிலோமீட்டர். இன்றைய சென்னை மாநகராட்சியே 426 சதுர கிலோமீட்டர். அங்கே மக்கள் சுமார் 19 லட்சம். 1961 கணக்கெடுப்பில் மதராஸ் நகரில் 17 லட்சத்துக்கு மேல். ஏறக்குறைய நம்ம ஊர் அளவு. குடிதண்ணீருக்கே பெருமளவு மலேசியாவை நம்ப வேண்டிய நிலை. வேலையில்லாதோர் நிறைய. போதாததற்கு, அங்கிருந்த தன் படைத்தளங்களைக் காலி செய்யப் போவதாக 1968 ஜனவரியில் பிரிட்டன் அறிவித்தது. நாட்டின் வருமானத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு அந்தத் தளங்களைச் சுற்றியே ஓடிக்கொண்டிருந்தது.

அங்கே நிதியமைச்சராக இருந்தவர் கோ கெங் சுவீ. 1959 முதல் 1965 வரையும், மீண்டும் 1967 முதல் 1970 வரையும் கல்லாப்பெட்டிச் சாவி அவரிடம் இருந்தது. லண்டனில் பொருளியல் படித்து முனைவர் பட்டம் பெற்றவர். பேச்சால் கூட்டம் சேர்த்தவர் என்று யாரும் அவரை நினைவுகூர்வதில்லை. அவரைப் பற்றிப் பேசுவோர் அவர் போட்ட கணக்குகளைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

பணம் எங்கிருந்து? தொழிலாளர் சம்பளத்தில் ஒரு பங்கும், முதலாளி தரும் ஒரு பங்கும் சேரும் மத்திய சேமநிதி, பிரிட்டிஷ் ஆட்சியின்போதே 1955ல் தொடங்கியிருந்தது. நம் பி.எஃப். மாதிரி. இது முதுமை வரை காத்திருக்கக்கூடிய பணம். அது அரசுக் கடன்பத்திரங்களுக்குப் போனது. மாதச் சம்பளத்தில் பிடித்த சிறு தொகைகள், இருபது முப்பது ஆண்டு பொறுமையுள்ள பெருந்தொகையாகின. தொழிற்சாலைகளுக்கு நீண்ட காலக் கடன் தருவதற்கென்றே 1968ல் சிங்கப்பூர் வளர்ச்சி வங்கி தொடங்கப்பட்டது. டி.பி.எஸ். என்ற பெயரில் இன்று நம்ம ஊரிலும் கிளை வைத்திருக்கிறதே, அதே வங்கி.

பணத்தின் மதிப்பு நாளைக்கும் இருக்கும் என்ற நம்பிக்கையும் வேண்டும். 1967ல் சொந்த நாணயம் வெளியிட்டபோது, ஒவ்வொரு டாலருக்கும் ஈடாக வெளிநாட்டுச் சொத்து கையில் இருந்தால்தான் நோட்டு அச்சடிக்கலாம் என்று கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். அரசுக்குப் பணமுடை வந்தால் நோட்டு அடித்துச் சமாளிக்கும் வழியைத் தானே பூட்டிக்கொண்டது போல. புகழ் தராத வேலைதான். ஆனால் மூன்று ஆண்டு கழித்து விலைவாசி எப்படி இருக்கும் என்று ஓரளவு ஊகிக்க முடிந்தால்தான், எந்த மாஸ்டரும் துணிந்து மெஷினுக்குக் கடன் வாங்குவார்.

அடுத்தது, அந்தப் பணத்தை எங்கே போடுவது. தீவின் மேற்கே ஜூரோங் என்ற சதுப்பு நிலத்தில் 1961ல் தொழிற்பேட்டை வேலையைத் தொடங்கினார்கள். மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்பி, சாலை, மின்சாரம், தண்ணீர், துறை எல்லாம் போட்டு வைத்தார்கள். ஆலைகள் உடனே வரவில்லை. 'கோவின் முட்டாள்தனம்' என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள் ஊரார். 1968க்குப் பிறகு அந்த இடம் நிரம்பியது. அங்கே ஒரு பறவைப் பூங்கா வேண்டும் என்று யோசனை சொன்னவரும் அவரே என்பது எனக்குப் பிடித்த செய்தி. ஆலைப் பகுதியில் வேலை செய்கிறவர் பிள்ளைகளோடு ஞாயிற்றுக்கிழமை போக ஓர் இடம் வேண்டும் என்று கணக்குப் பார்ப்பவருக்குத் தோன்றியிருக்கிறது.

துறைமுகக் கதை நமக்கு இன்னும் நெருக்கம். கன்டெய்னர் வருவதற்கு முன், கப்பலில் மூட்டை மூட்டையாக ஆள் வைத்து ஏற்றி இறக்க நாள்கணக்கில் ஆகும். கப்பல் கரையில் கட்டிக் கிடக்கும் ஒவ்வொரு நாளும் செலவு. பெட்டியோடு கிரேனில் தூக்கி வைக்கும் முறை வந்ததும் அது மணிக்கணக்காகச் சுருங்கியது. கிழக்கு ஆசியாவுக்குக் கன்டெய்னர் கப்பல்கள் வருமா என்பதே உறுதியாகாத 1960களின் நடுவில், உலக வங்கிக் கடனோடு அதற்கான துறையைக் கட்ட சிங்கப்பூர் முடிவெடுத்தது. முதல் கன்டெய்னர் கப்பல் 1972 ஜூனில் வந்தது. சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் 1983ல் வந்தது. இந்தியாவிலேயே அதுதான் முதலாவது. இடையில் பதினோரு ஆண்டு. தேவை வந்த பிறகு கட்டத் தொடங்கினால், கட்டி முடிக்கும் வரை எல்லாரும் வரிசையில் நிற்க வேண்டும். அந்தப் பெண்ணின் அப்பா நிற்பது மாதிரி. சாலை, வாசல், ஆவணம், சோதனை என்று ஒரு சங்கிலியில் எந்தக் கண்ணி மெதுவானாலும் மொத்த வரிசையும் மெதுவாகும்.

இவ்வளவு சொன்னதால் சிங்கப்பூரில் எல்லாம் சரியாக நடந்தது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பாடத்தின் கடினமான பகுதி இனிமேல்தான்.

பொருளியலாளர் ஆல்வின் யங் 1990களின் தொடக்கத்தில் அந்நாட்டின் கணக்கை வகுத்துப் பார்த்தார். பால் க்ருக்மன் 1994ல் அதை உலகறியச் சொன்னார். 1966க்கும் 1990க்கும் இடையில் சிங்கப்பூர் மக்கள்தொகையில் வேலையில் இருந்தோர் பங்கு 27 சதவீதத்திலிருந்து 51 சதவீதமானது. வருமானத்தில் முதலீட்டின் பங்கு 11 சதவீதத்திலிருந்து 40 சதவீதத்தைத் தாண்டியது. வளர்ச்சியில் பெரும்பகுதி, கூடுதல் ஆளும் கூடுதல் மெஷினும் போட்டதால் வந்தது. அதே ஆளையும் அதே மெஷினையும் வைத்துக் கூடுதலாக எடுத்தது மிகக் குறைவு என்பது அவர்கள் வாதம். இந்த இரண்டாவது வகைக்கு மொத்தக் காரணி உற்பத்தித்திறன் என்று பெயர். பரீட்சையில் கேட்பார்கள் என்பதற்காகச் சொல்லவில்லை. தலைமைக்கு இது உண்மையான சோதனை. நாலு பேர் கடையில் எட்டுப் பேரையும் எட்டு மெஷினையும் வைத்து 80 சட்டை தைத்தால் கடை பெரிதானது, திறன் அதேதான். ஒரு நாள் தெருவில் ஆள் தீர்ந்துபோகும். அந்த வாதத்தை முழுதும் ஏற்காதவர்களும் இருக்கிறார்கள். ஆனாலும், இது சிங்கப்பூர் ஆட்சியாளர்களுக்கு உறைத்த கேள்வி.

அவர்களே அதற்கு முன் ஒரு முயற்சி செய்து அடிபட்டிருந்தார்கள். அரசு, முதலாளி, தொழிற்சங்கம் மூன்று தரப்பும் உட்காரும் தேசியச் சம்பள மன்றம் 1972ல் அமைந்தது. 1979 முதல் சில ஆண்டுகள் சம்பளத்தை வேண்டுமென்றே வேகமாக உயர்த்தச் சொன்னார்கள். மலிவான ஆள் கிடைக்கும் வரை முதலாளி மெஷின் வாங்க மாட்டார், கூலியை உயர்த்தினால் வாங்குவார் என்பது கணக்கு. யோசனையில் தவறில்லை. ஆனால் கூலி, திறனைவிட வேகமாக ஓடிவிட்டது. 1985ல் பொருளாதாரம் சுருங்கியது. 1986ல் சேமநிதிக்கு முதலாளி தரும் பங்கை 25 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகக் குறைத்துத்தான் நிமிர்ந்தார்கள். தவறை இழுத்தடிக்காமல் ஓராண்டுக்குள் திருத்தியதை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தத் திருத்தத்தின் பாரம் விழுந்தது தொழிலாளியின் சேமிப்பில். இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பிறகு 2010ல், நிதியமைச்சராக இருந்த தர்மன் சண்முகரத்னம் தலைமையிலான குழு, உற்பத்தித்திறன் ஆண்டுக்கு 2 முதல் 3 சதவீதம் வளர வேண்டும் என்று பத்தாண்டு இலக்கு வைத்தது. தமிழ் வம்சாவளியினரான அவர் இன்று அந்நாட்டு அதிபர். கருவி வாங்கும் கடைகளுக்கு வரிச்சலுகை, வெளிநாட்டுத் தொழிலாளருக்கான தீர்வை உயர்வு என்று பல வழிகளில் தள்ளினார்கள். முதல் சில ஆண்டுகளில் இலக்கு எட்டவில்லை. ஏற்றுமதி ஆலைகள் முன்னேறின. கட்டுமானம், உணவகம், சில்லறைக் கடைகள் பின்தங்கின. சலுகைக்காகவே கருவி வாங்கியவர்களும், பொய்க் கணக்குக் காட்டியவர்களும் உண்டு. அந்த வரிச்சலுகைத் திட்டம் 2018 வரி மதிப்பீட்டு ஆண்டோடு முடிந்தது. நிலைத்தது வேறொன்று: 25 வயதைக் கடந்த ஒவ்வொரு குடிமகனுக்கும், பிடித்த தொழிற்படிப்பைப் படிக்க 500 டாலர் வரவு, 2016 முதல். மெஷின் ஒரு கடையில்தான் இருக்கும். கைத்தொழில் ஆளோடு போகும்.

எதிர்ப்பக்கத்தைப் பார்க்க நெடுந்தூரம் போக வேண்டாம். இலங்கையில் 2019 டிசம்பரில் மதிப்புக்கூட்டு வரியை 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைத்தார்கள். கேட்க இனிப்பாகத்தான் இருந்தது. அரசின் வருவாய் சரிந்தது. அடுத்து பெருந்தொற்று, சுற்றுலா வருமானம் போனது. 2021ல் இரசாயன உர இறக்குமதிக்கு ஒரேயடியாகத் தடை. நெல்லும் தேயிலையும் அடிவாங்கின. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பித் தருவதை நிறுத்துவதாக அறிவித்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் கொழும்பில் பணவீக்கம் 70 சதவீதத்தை ஒட்டிப் போனது.

படித்தவர்கள் மிகுந்த நாடு, உழைப்புக்கு அஞ்சாத மக்கள். அந்த மாதங்களில் அவர்கள் என்ன செய்தார்கள்? வரிசையில் நின்றார்கள். பெட்ரோலுக்கு, எரிவாயுவுக்கு, மண்ணெண்ணெய்க்கு, நாள்கணக்கில். வரிசையிலேயே உயிர்விட்டவர்களும் உண்டு. ஆட்டோக்காரர் ஒரு நாள் ஓட்ட இரண்டு நாள் நின்றால், அவருடைய உற்பத்தித்திறன் மூன்றில் ஒன்றாகிவிட்டது. அவர் கையில் எந்தக் குறையும் இல்லை. வெகுதொலைவில், ஒரு கோப்பில் போட்ட கையெழுத்து அவரை வரிசையில் நிறுத்தியது. பெரிய நாட்டில் இப்படி ஒரு தவறு நடந்தால் எங்கோ ஒரு மூலை தாங்கிக்கொள்ளும். சின்ன நாட்டில் ஒவ்வொரு அடுப்படிக்கும் அது வந்து சேர்ந்துவிடுகிறது.

வகுப்பில் இன்னொரு பையன் கேட்டதையும் எழுதிவிட வேண்டும். "மெஷின் வந்தா சட்டை கூடும் சார், ஓகே. கூலி கூடுமா?" அவன் தாத்தா பெரம்பூர் பி அண்டு சி மில்லில் வேலை பார்த்தவராம். அந்த ஆலைத் தொழிலாளர்களுக்காக 1918ல் உருவானதுதான் சென்னைத் தொழிலாளர் சங்கம். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கங்களில் ஒன்று. மதிய உணவுக்கு விட்ட நேரம் போதவில்லை என்பதும் அன்றைய குறைகளில் உண்டு. முதலாளி வாயில் 'திறன்' என்ற சொல் வந்தால் அது 'இன்னும் வேகமாக' என்று தொழிலாளி காதில் விழுவதற்கு இந்த மண்ணில் நூறாண்டுக் காரணம் இருக்கிறது. ஆகவே அவனுக்கு நான் சொன்னது: தானாகக் கூடாது. 1.25 சட்டை 1.75 ஆனால் அந்த அரைச் சட்டையில் யாருக்கு எவ்வளவு என்பதைப் பேசித்தான் வாங்க வேண்டும். பேச ஒரு மேசையும், அந்த மேசையில் தொழிலாளிக்கு ஒரு நாற்காலியும் வேண்டும். ஆனால் 1.25லேயே நின்றுவிட்டால் பேசுவதற்கே அதிகம் இருக்காது.

கீழே மாஸ்டர் கடைக்குப் போன மாதம் காஜா மெஷின் வந்துவிட்டது. வங்கியில் முத்ரா கடன், மூன்று ஆண்டுத் தவணை. விண்ணப்பத்தை எங்கள் பிள்ளைகளே உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்தார்கள். தண்டலுக்கும் இதற்கும் உள்ள வட்டி வித்தியாசத்தைத் தாளில் போட்டுக் காட்டியதும் அவர்கள்தான். நேற்று வகுப்பு முடிந்து இறங்கும்போது மாஸ்டர் கூப்பிட்டார். "வாத்தியாரே, இங்க பாருங்க" என்று காட்டினார். காஜா போட்ட சட்டைகள் பட்டன் வைக்கிற அம்மாவின் பக்கத்தில் இடுப்பளவு குவிந்திருந்தன. முன்பு சட்டைக்காக அவர் காத்திருந்தார். இப்போது அவருக்காகச் சட்டைகள் காத்திருக்கின்றன. பட்டன் மெஷின் என்ன விலை என்று விசாரித்துச் சொல்லச் சொல்லியிருக்கிறார்.